‘நன்றி: இணையம்’னு போடாதீங்க: பலபேர் சேர்ந்து எழுதினதுக்கு பேர் போடுறது எப்படி

பனை மரத்தைப் பத்தி ஸ்கூல் பசங்களுக்கு ஒரு பதினாறு பக்க புக்லெட் போடணும்னு வச்சுக்கோங்க. தமிழ் விக்கிப்பீடியால இருந்து நாலு பத்தி, விக்கிமீடியா காமன்ஸ்ல இருந்து ரெண்டு போட்டோ, நம்ம ஊர் ஏரிக்கரை எங்க இருக்குன்னு காட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து ஒரு மேப். எல்லாமே ஃப்ரீ, யார்கிட்டயும் போய் பர்மிஷன் கேக்க வேண்டாம், காசும் குடுக்க வேண்டாம். எடுத்துப் போட்டுட்டு கடைசி பக்கத்துல ‘நன்றி: இணையம்’னு ஒரு வரி. நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க. கெட்ட எண்ணத்துல பண்றதா நான் நினைக்கல, எப்படி போடணும்னு யாரும் சொல்லித் தரல, அவ்ளோதான். அதைத்தான் இங்க சொல்லப் போறேன், இந்த பனை புக்லெட்டையே கடைசி வரைக்கும் உதாரணமா வச்சுக்கலாம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இதையெல்லாம் எடுக்கறதுக்கு உங்களுக்கு உரிமை குடுத்ததே ஒரு லைசென்ஸ்தான். தமிழ் விக்கிப்பீடியா பக்கத்தோட அடியில பாத்தீங்கன்னா கிரியேட்டிவ் காமன்ஸ் பேர் இருக்கும், அதுல சிசி பை-எஸ்ஏன்னு ஒரு வகை, ரெண்டு பெரிய நிபந்தனை: எழுதினவங்களைக் குறிப்பிடணும் (அதான் ‘பை’), மாத்தி எழுதி வெளியிட்டா அதையும் இதே லைசென்ஸ்ல விடணும் (அதான் ‘எஸ்ஏ’). முதல் நிபந்தனையை விட்டுட்டா அனுமதியே போயிடுது, அப்போ அது சாதாரணமா காப்பி அடிச்ச கணக்குல வந்துடும். சட்டத்தை ஒரு பக்கம் வைங்க. ராத்திரி வேலை முடிச்சு வந்து ஒக்காந்து, பதநீர் இறக்கறதைப் பத்தி புத்தகம் தேடிப் படிச்சு, ஆதாரம் சேத்து எழுதினவங்க பத்து பைசா வாங்கல. அவங்க கேட்டது இது ஒண்ணுதான். அதையும் குடுக்காம விடுறதைப் பாக்கும்போது எனக்கு உண்மையாவே வலிக்குது, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எடுக்கும்போதே குறிச்சு வைங்க

இதுதான் முதல் படி, இதைச் செஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சது. ஒரு எக்செல் ஷீட்டோ நோட்டோ எடுத்து அஞ்சு விஷயம் எழுதுங்க: என்ன எடுத்தோம், எங்க இருந்து (முழு முகவரியோட), என்னைக்கு எடுத்தோம், யார் பண்ணது, என்ன லைசென்ஸ் (பதிப்பு எண்ணோட, 3.0வா 4.0வான்னு). அப்புறம் நீங்க என்ன மாத்துனீங்கன்னு ஒரு கட்டம் காலியா விட்டு வைங்க. டிடிபி முடிஞ்சு பிரஸ்ஸுக்கு அனுப்பற அன்னைக்கு போய் ‘இந்த போட்டோ எங்கடா எடுத்தோம்’னு தேடினா கிடைக்காது, கூகுள் இமேஜ்ல தேடினா அதே படம் நாப்பது இடத்துல பேர் இல்லாம சுத்திட்டு இருக்கும், எது மூலம்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிடும்.

எழுத்துக்கு: யார் எழுதினாங்கன்னு பாக்கறது

விக்கிப்பீடியா கட்டுரையில புத்தக அட்டை மாதிரி ஆசிரியர் பேர் கிடையாது, அதனால ‘விக்கிப்பீடியா எழுதினது’ன்னு நினைச்சுக்கறாங்க. விக்கிப்பீடியா ஒரு இடம், எழுதறது மனுஷங்க. கட்டுரைக்கு மேல வரலாறுன்னு ஒரு டேப் இருக்கும், அதைத் தட்டுங்க. அந்தப் பக்கம் நம்மூர் மொய் நோட்டு மாதிரி: யாரு, எப்போ, எவ்வளவுன்னு ஒரு வரி விடாம இருக்கும். கட்டுரை தொடங்குன நாள்ல இருந்து நேத்து ஒருத்தர் ஒரு ஒற்றுப்பிழை திருத்துனது வரைக்கும்.

இந்தப் பட்டியலைப் படிக்கக் கத்துக்கணும், ஏன்னா பாத்த உடனே ஏமாத்தும். ஒவ்வொரு வரியிலயும் கூட்டல் கழித்தல்னு ஒரு எண் இருக்கும், அது எத்தனை பைட்டு கூடுச்சு குறைஞ்சதுன்னு காட்டுது. தமிழ் எழுத்துக்கு விக்கிப்பீடியா சேமிக்கற முறையில ஒவ்வொரு குறியும் மூணு பைட்டு எடுத்துக்கும், ‘கி’ன்னு எழுதினா க ஒரு குறி, கொக்கி ஒரு குறி, ஆக ஆறு பைட்டு. அதனால மூவாயிரம் பைட்டு சேத்திருக்காருன்னா ஆயிரம் குறிதான், ரெண்டு மூணு பத்தி இருக்கும். அடுத்தது, யாரோ விஷமத்துக்கு கட்டுரையையே மொத்தமா அழிச்சிருப்பாங்க, இன்னொருத்தர் வந்து பழையபடி மீட்டுருப்பாரு, அவர் பேருக்கு நேரா இருபதாயிரம் கூட்டல்னு பச்சையா நிக்கும். காவல் காத்தது பெரிய வேலைதான், ஆனா அந்த இருபதாயிரத்தை அவர் எழுதல. அப்புறம் பாட்னு பேர் முடியற கணக்குகள், அதெல்லாம் தானியங்கி, பகுப்பு சேக்கறது, இணைப்பு சரி பண்றது மாதிரி வேலைங்களுக்கு.

முதல் திருத்தத்தை மட்டும் கட்டாயம் பாருங்க. தமிழ்ல இருக்கற நிறைய கட்டுரை ஆங்கிலத்துல இருந்து மொழிபெயர்த்தது, மொழிபெயர்ப்புக் கருவியில செஞ்சிருந்தா முதல் வரியோட சுருக்கத்துலயே (என்ன மாத்துனோம்னு திருத்தினவர் எழுதற குறிப்பு) இன்ன பக்கத்தை மொழிபெயர்த்து உருவாக்கியதுன்னு இணைப்போட இருக்கும். அப்படி இருந்தா ஆங்கிலக் கட்டுரையை எழுதினவங்களும் உங்க பட்டியல்ல வரணும். கட்டுரையோட பேச்சுப் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்க, ரெண்டு கட்டுரையை இணைச்சது, ஒண்ணைப் பிரிச்சு ரெண்டாக்கினதுன்னு குறிப்பு இருந்தா அந்த இன்னொரு கட்டுரையோட வரலாறும் கணக்குல சேரும்.

சரி, இப்போ அறுபது பேர் இருக்காங்க, அறுபது பேரையும் அச்சடிக்கணுமா? வேண்டாம். விக்கிப்பீடியாவை நடத்தற விக்கிமீடியா அமைப்போட பயன்பாட்டு விதியிலயே மூணு வழி குடுத்திருக்காங்க, அங்க எழுதற ஒவ்வொருத்தரும் இதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் சேமிக்கற பட்டனை அமுக்கறாங்க. ஒண்ணு, கட்டுரையோட முகவரியைக் குடுக்கறது. ரெண்டு, அதே கட்டுரை வேற ஒரு இடத்துல எல்லாரும் பாக்கற மாதிரி, லைசென்ஸ் விதிப்படி, எழுதினவங்க விவரத்தோட நிலையா இருந்தா அந்த முகவரியைக் குடுக்கறது. மூணு, எழுதினவங்க எல்லார் பேரையும் பட்டியலா போடறது, ரொம்ப சின்ன, சம்பந்தமில்லாத திருத்தங்களை விட்டுடலாம்.

ஆன்லைன்ல போடறதா இருந்தா முதல் வழி போதும். அச்சு புத்தகத்துக்கு நான் முதல் வழியையும் மூணாவது வழியையும் சேத்து போடச் சொல்லுவேன். ஏன்னா புத்தகத்துல லிங்க்கைத் தட்ட முடியாது, நாளைக்கு அந்தக் கட்டுரையையே நீக்கிட்டாங்கன்னா வரலாறும் பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியாம போயிடும். முகவரி போட்டு, அது கூடவே அதிகமா எழுதின நாலஞ்சு பேரோட பயனர் பேரும் போட்டு ‘மற்றும் பிற பங்களிப்பாளர்கள்’னு முடிச்சா அரை இன்ச் இடம்கூட ஆகாது. முடிஞ்சா வரலாற்றுப் பக்கத்தை பிடிஎஃப்பா சேமிச்சு உங்ககிட்ட வச்சுக்கோங்க.

பயனர் பேர் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. சிலர் புனைபெயர்ல எழுதுவாங்க, அந்தப் புனைபெயர்தான் அவங்க விரும்பற பேர், லைசென்ஸ்லயே புனைபெயர் குடுத்திருந்தா அதைத்தான் போடணும்னு இருக்கு. அவர் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் சொந்தப் பேரை அச்சுல ஏத்தாதீங்க. பழைய திருத்தங்கள்ல பேருக்குப் பதிலா ஐபி எண் மட்டும் இருக்கும், அதைப் புத்தகத்துல போடறதுல யாருக்கும் லாபமில்ல, ‘பெயர் குறிப்பிடாதவர்கள்’னு சொன்னா போதும், கட்டுரை முகவரி வழியா அந்த விவரமும் வந்துடுது.

இதுல ஒரு சின்ன தொல்லை. தமிழ் கட்டுரையோட முகவரியை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணா சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமா மூணு வரிக்கு நீளும், யாராலயும் அதைப் பாத்து டைப் பண்ண முடியாது. அதுக்கு கட்டுரையோட கருவிகள் மெனுவுல நிலையான இணைப்புன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டினா நீங்க பயன்படுத்தின அதே பதிப்போட எண் முகவரியில வரும். அங்கேயே முகவரியைச் சுருக்கவும், கியூஆர் கோடா எடுக்கவும் வசதி இருக்கு. அச்சுக்கு சுருக்கின முகவரியும் கியூஆரும் சேத்து வைங்க, போன்ல காட்டினா பசங்க நேரா அந்தக் கட்டுரைக்கே போயிடுவாங்க.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு வந்துச்சு

இது தெரிஞ்சா பழைய பக்கங்களைப் பாக்கும்போது குழம்ப மாட்டீங்க. விக்கிப்பீடியா 2001ல தொடங்கினப்போ ஜிஎஃப்டிஎல்னு ஒரு லைசென்ஸ் வச்சிருந்தாங்க, அது சாஃப்ட்வேர் கையேடுகளை மனசுல வச்சு எழுதினது. மாத்தின பிரதியோட தலைப்புப் பக்கத்துல முக்கிய ஆசிரியர்கள் அஞ்சு பேராவது இருக்கணும், மாத்தின வரலாறு கூடவே வரணும், லைசென்ஸ் முழுசையும் சேத்து அச்சடிக்கணும். கையேட்டுக்கு சரி, ஒரு பக்கக் கட்டுரையை நோட்டீஸ் அடிக்கறதுக்கு பல பக்க லைசென்ஸ் எப்படி அடிக்கறது? மாத்தலாம்னா எழுதின லட்சக்கணக்கான பேரைத் தேடிப் பிடிச்சு ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் கேக்கணும், நடக்கற காரியமா அது. கடைசியில 2008 நவம்பர்ல ஜிஎஃப்டிஎல்லோட புதுப் பதிப்புலயே மாறிக்கறதுக்கு ஒரு வழி திறந்து விட்டாங்க, 2009 ஜூன்ல சிசி பை-எஸ்ஏ 3.0க்கு வந்தாங்க, 2023 ஜூன்ல 4.0.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்காரங்க பட்ட பாடு இன்னும் அதிகம். 2012ல அவங்க ஓடிபிஎல்னு தரவுக்கான லைசென்ஸுக்கு மாறினாங்க, சம்மதம் சொல்லாதவங்க வரைஞ்ச ரோடு, ஏரி எல்லாத்தையும் மேப்ல இருந்து எடுத்துட்டுத்தான் மாற முடிஞ்சது. பலபேர் சேர்ந்து செய்யற வேலையில ஆரம்பத்துலயே லைசென்ஸை முடிவு பண்ணாட்டி என்ன ஆகும்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

போட்டோவுக்கு

கட்டுரையில இருக்கற எழுத்தும் படமும் ஒரே லைசென்ஸ்னு நினைச்சுடாதீங்க, நிறைய பேர் சறுக்கறது இங்கதான். ஒவ்வொரு படத்துக்கும் தனி லைசென்ஸ். படத்தைத் தட்டி, அதோட முழு விவரப் பக்கத்துக்குப் போங்க. தமிழ் விக்கிப்பீடியால சினிமா போஸ்டர், புத்தக அட்டை எல்லாம் நியாயமான பயன்பாடுன்னு சொல்லி உள்ளூர்லயே ஏத்தியிருப்பாங்க, அது ஃப்ரீ கிடையாது, அதை உங்க புக்லெட்டுல போட முடியாது. காமன்ஸ்ல இருக்கறது மட்டும்தான் எல்லாரும் எடுக்கற மாதிரி இருக்கும்.

காமன்ஸ் பக்கத்துல ஆசிரியர்னு ஒரு வரி இருக்கும், கீழ கோப்பு வரலாறுல பதிவேத்தினவர் பேர் ஒண்ணு இருக்கும். ரெண்டும் ஒரே ஆளா இல்லாம இருக்கலாம், ஃப்ளிக்கர்னு போட்டோ பகிர்ற தளத்துல ஒருத்தர் போட்ட போட்டோவை இன்னொருத்தர் இங்க கொண்டு வந்திருப்பாரு. நீங்க போட வேண்டியது எடுத்தவர் பேர். ‘படம்: விக்கிமீடியா காமன்ஸ்’னு மட்டும் போடறது ‘பாட்டு: ரேடியோ’ன்னு சொல்ற கதைதான். சிலர் ‘என் பேரை இப்படிப் போடுங்க’ன்னு அந்தப் பக்கத்துலயே எழுதி வச்சிருப்பாங்க, அந்த வரியை அப்படியே எடுத்துக்கோங்க.

ஒரே படத்துக்கு ரெண்டு லைசென்ஸ் இருந்தா, உதாரணத்துக்கு ஜிஎஃப்டிஎல்லும் சிசி பை-எஸ்ஏ 3.0வும், ஏதாவது ஒண்ணை எடுத்துக்கலாம், சிசியை எடுங்க, காரணம் மேல சொல்லிட்டேன். 3.0வும் அதுக்கு முந்தின பதிப்பும்னா படத்துக்கு வச்ச தலைப்பையும் போடணும், 4.0ல அந்தக் கட்டாயம் இல்ல, ஆனா எப்பவும் போட்டுடறது நல்லது. லேபிள் போட்ட வரைபடங்கள்ல இன்னொரு அடுக்கு இருக்கு: பனை மரத்தோட பாகங்களை ஒருத்தர் வரைஞ்சிருப்பாரு, அதுல இருந்த ஆங்கில லேபிளை எடுத்துட்டு வேற ஒருத்தர் தமிழ்ல போட்டிருப்பாரு. ரெண்டு பேரும் வரணும், யார் என்ன பண்ணாங்கன்னும் வரணும். நீங்க அதுல நிறம் மாத்துனா மூணாவதா உங்க பேர்.

மேப்பும் மத்ததும்

ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு தனித்தனிப் பேர் வேண்டாம், அவங்களே கூட்டா ஒரு பேர் சொல்லி வச்சிருக்காங்க: ‘© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’. மேப்போட மூலையிலயோ ஒட்டினாப்லயோ இருக்கணும், அவங்களோட காப்புரிமைப் பக்கத்துக்கு இணைப்பும் வேணும், அச்சுல அந்த முகவரியை எழுத்துல போட்டுடுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அந்த மூலையை வெட்டிட்டு எடுக்கறது பழக்கமாயிடுச்சு, தயவு செஞ்சு வெட்டாதீங்க.

விக்கித்தரவுன்னு தகவல்களைச் சேத்து வைக்கற விக்கிமீடியா தளம் இருக்கு, அதுல இருக்கற தரவு சிசி0 (உரிமையே வேண்டாம்னு விட்டது), பேர் போடணும்னு கட்டாயமே இல்ல. புரோகிராம் எழுதறவங்களோட கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோல இருந்து நிரல் எடுத்தா அதுவும் சிசி பை-எஸ்ஏதான், பதில் எழுதின காலத்தைப் பொறுத்து 2.5, 3.0, 4.0ன்னு மாறும், பதிலோட இணைப்பையும் எழுதினவர் பேரையும் நிரல்ல கமெண்டா போட்டுடுங்க.

தேவநேயப் பாவாணர், பாரதி மாதிரி காப்புரிமை இல்லாத, அல்லது நாட்டுடைமை ஆன எழுத்துக்களை பழைய நூல்களை மின்பதிப்பா தர்ற விக்கிமூலத்துல இருந்தோ மதுரைத் திட்டத்துல இருந்தோ எடுக்கறீங்கன்னா லைசென்ஸ் கட்டாயம் வேற மாதிரி. ஆனா மதுரைத் திட்டத்தோட எந்த மின்பதிப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்துல தட்டச்சு செஞ்சவர், மெய்ப்பு பாத்தவர், பிடிஎஃப் ஆக்கினவர்னு பேர் இருக்கும், இந்த முகப்புப் பக்கம் மாறாம இருந்தா யார் வேணா இலவசமா பரப்பலாம்னும் எழுதியிருப்பாங்க. 1998 பொங்கல்ல தொடங்கின வேலை அது, கம்ப்யூட்டர்ல தமிழுக்கு எல்லாருக்கும் பொதுவான எழுத்துரு முறை கூட இல்லாத காலம், அப்பவே கையால ஒவ்வொரு பாட்டா தட்டினவங்க பேரை எழுதி வச்சிருக்காங்க. அந்த முதல் பக்கத்தைக் கிழிச்சுட்டு நூலை மட்டும் பரப்பறது எனக்கு ஒப்பாத விஷயம்.

வரியை எழுதுறது

தலைப்பு, யார் பண்ணது, எங்க இருந்து, என்ன லைசென்ஸ். இந்த நாலும், மாத்தியிருந்தா மாத்தினதும். நம்ம புக்லெட்டுக்கு எழுதிப் பாக்கலாம்:

‘பக்கம் 3 முதல் 6 வரை உள்ள பகுதி தமிழ் விக்கிப்பீடியாவின் “பனை” கட்டுரையைத் தழுவியது. எழுதியவர்கள்: (பயனர் பெயர்கள்) மற்றும் பிற பங்களிப்பாளர்கள். முழுப் பட்டியல் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில்: (சுருக்கிய முகவரி). மாணவர்களுக்காகச் சுருக்கியும் சொற்களை எளிமையாக்கியும் இருக்கிறோம். மூலக் கட்டுரையும் இந்தப் பக்கங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல்-அதேபோல் பகிர்தல் 4.0 உரிமத்தில் கிடைக்கும்: (உரிமத்தின் முகவரி).’

‘பக்கம் 4 படம்: “(படத்தின் தலைப்பு)”, எடுத்தவர் (பெயர்), விக்கிமீடியா காமன்ஸ் வழியாக, சிசி பை-எஸ்ஏ 3.0, (படத்தின் முகவரியும் உரிமத்தின் முகவரியும்). வலது ஓரம் வெட்டப்பட்டுள்ளது.’

முதல் குறிப்புல ‘இந்தப் பக்கங்களும்’னு இருக்கு பாருங்க, அது முக்கியம், எஸ்ஏன்னா அதான். நீங்க சுருக்கி எழுதின பகுதியை இன்னொரு ஸ்கூல் எடுத்து அடிச்சா நீங்க தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதே புக்லெட்டோட முன்னுரை நீங்களே எழுதினதுன்னா அதுக்கு இந்தக் கட்டாயம் இல்ல, அதான் பக்க எண் போட்டு பிரிச்சுக் காட்டினேன். வார்த்தையை மாத்தி மாத்தி போட்டா தப்பிச்சுக்கலாம்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. பனை தமிழ்நாட்டோட மாநில மரம்கறது தகவல், அது யாருக்கும் சொந்தமில்ல. ஆனா கட்டுரையோட வரிசையையும் வாக்கியத்தையும் ஒட்டி எழுதினா, நீங்க கையால எழுதினாலும் மெஷினுக்குக் குடுத்து மாத்தினாலும், அது தழுவல்தான்.

அப்புறம் அட்டையில ‘தமிழ் விக்கிப்பீடியா வழங்கும்’னு போட்டுடாதீங்க, லோகோவும் போடாதீங்க. அவங்க உங்க புத்தகத்தை ஆதரிக்கறாங்கன்னு தோண வைக்கக்கூடாதுன்னு லைசென்ஸ்லயே இருக்கு, லோகோ விக்கிமீடியாவோட வணிகச் சின்னம்.

எங்க போடறது

லைசென்ஸ் சொல்றது ‘அந்த ஊடகத்துக்கு நியாயமான முறையில’ன்னு. படத்துக்குக் கீழயே சின்னதா போட்டா ரொம்ப நல்லது, புக்லெட்டுல கடைசிப் பக்கத்துல பக்க எண்ணோட மொத்தமா போட்டாலும் பரவால்ல. அமெரிக்காவுல 2015ல ஒரு தீர்ப்பு வந்துச்சு: ஃப்ளிக்கர்ல பை-எஸ்ஏ 2.0ல இருந்த போட்டோவை ஒரு மேப் கம்பெனி தன்னோட அட்லஸ் அட்டையில போட்டு, எடுத்தவங்க பேரையும் லைசென்ஸையும் பின் அட்டையில குறிச்சிருந்தாங்க. அது போதும்னு கோர்ட் சொல்லிடுச்சு, போட்டோ ஒண்ணு அட்டையில வந்ததுக்காக அட்லஸ் முழுசும் பை-எஸ்ஏ ஆயிடாதுன்னும் சொல்லிடுச்சு. அதனால பயப்படாம போட்டோவைப் பயன்படுத்துங்க, பேர் மட்டும் தெளிவா இருக்கட்டும்.

யூடியூப் வீடியோன்னா படம் ஓடும்போது ஓரத்துல எடுத்தவர் பேரு, கீழ டிஸ்கிரிப்ஷன்ல முழு விவரம். டிஸ்கிரிப்ஷன்ல மட்டும் போட்டா அந்த வீடியோவை யாராவது வாட்ஸாப்புக்கு இறக்கி அனுப்பும்போது பேர் எல்லாம் கழண்டு போயிடும், அதனால திரையிலயும் இருக்கணும்னு நான் வற்புறுத்துவேன். இசைக்கு ஒரு தனி விதி: பை-எஸ்ஏ இசையை வீடியோவோட ஒட்டினா அது தழுவலாவே கணக்கு, அப்போ வீடியோவையே பை-எஸ்ஏல விடணும். அதுக்கு நீங்க தயாரில்லன்னா வெறும் பை போட்ட இசையைத் தேடுங்க. வாட்ஸாப், இன்ஸ்டாகிராம்ல போஸ்டர் போடறவங்க பேரைப் படத்துக்குள்ளயே சின்ன எழுத்துல வச்சுடுங்க.

விக்கிப்பீடியாவுக்குள்ள எழுதறவங்களுக்கும் இது உண்டு, உள்ளதானேன்னு விட்டுடக்கூடாது. ஒரு கட்டுரையில இருந்து இன்னொண்ணுக்கு நாலு பத்தி மாத்தினா, தொகுப்புச் சுருக்கத்துல ‘(கட்டுரைப் பெயர்) பக்கத்தில் இருந்து எடுத்தது, எழுதியவர்கள் விவரம் அதன் வரலாற்றில்’னு இணைப்போட போடுங்க. கையால மொழிபெயர்த்தாலும் அப்படித்தான், எந்த மொழி, எந்தக் கட்டுரை, எந்தத் தேதிப் பதிப்புன்னு. மறந்துட்டா சும்மா ஒரு சின்ன திருத்தம் பண்ணி அந்தச் சுருக்கத்துல எழுதிடலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

நீங்களே ஒரு குழுவா வேலை செஞ்சா

பத்து பேர் சேர்ந்து இந்த புக்லெட்டை எழுதறீங்கன்னா முதல் கூட்டத்துலயே ரெண்டு விஷயம் பேசிடுங்க: எந்த லைசென்ஸ், யார் பேரை எப்படி போடறது. யாரோட பங்கு எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாத அளவுக்கு சேர்ந்து எழுதினா இந்தியச் சட்டப்படி அது கூட்டுப் படைப்பு, பின்னாடி லைசென்ஸை மாத்தணும்னா எல்லாரும் ஒத்துக்கணும். ஒருத்தர் ஊருக்குப் போயிட்டா, போன் நம்பர் மாறிட்டா, அப்படியே நின்னுடும். காப்புரிமைச் சட்டம் 57வது பிரிவுல, உரிமையை வித்துட்டா கூட ‘இதை எழுதினது நான்’னு சொல்லிக்கற உரிமை எழுதினவர்கிட்டயேதான் இருக்கும்னு இருக்கு, அதனால பேரை எடுத்துடற எந்த ஏற்பாடும் நல்லா முடியாது.

ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க: பேர் எப்படி வரணும், இனிஷியலோடயா, புனைபெயரா, இல்ல வேண்டவே வேண்டாமா. பெண்கள்ல சிலர் பேர் வெளிய வர வேண்டாம்னு சொல்லுவாங்க, காரணம் கேக்காம ஒத்துக்கோங்க. 4.0லயும், பேரை எடுத்துடுங்கன்னு எழுதினவரே கேட்டா முடிஞ்ச அளவுக்கு எடுத்துடணும்னு ஒரு விதி இருக்கு. அப்புறம் வேலையைப் பிரிச்சுப் போடுங்க: எழுத்து, மெய்ப்பு, படம், வடிவமைப்பு, பனையேறிகள்கிட்ட பேசித் தகவல் வாங்கினவர். தகவல் சொன்ன பனையேறி பேரையும் அவர் சம்மதிச்சா போடுங்க, அவர் சொல்லாம அந்தப் பகுதியே கிடையாது. வரிசை அகரவரிசையா இருந்தா யார் பெரியவங்கன்னு சண்டை வராது. ‘தொகுப்பாசிரியர்’னு ஒருத்தர் பேரை அட்டையில பெருசா போட்டு மத்தவங்களை கடைசிப் பக்கத்துல ‘உதவியவர்கள்’னு தள்றது ஊர்ல ரொம்ப நடக்குது. உண்மையில எழுதினவங்களை உதவியவங்கன்னு சொல்றது சரியில்ல.

யாராவது ‘என் பேர் இல்லையே’ன்னு கேட்டா

வாதாடாதீங்க, முதல்ல சரி பண்ணுங்க. 4.0 லைசென்ஸ்ல, தப்பு தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள திருத்திட்டா உரிமை தானாவே திரும்ப வந்துடும். 3.0வும் அதுக்கு முந்தினதும் அப்படி இல்ல, விட்ட உடனேயே உரிமை போயிடும், திரும்ப வாங்க எடுத்தவர் சம்மதம் வேணும், அதை வச்சே பேர் போடாதவங்களைத் தேடிப் பிடிச்சு நோட்டீஸ் அனுப்பி பணம் கேக்கறவங்க வெளிநாடுகள்ல உண்டு. அதனால பழைய பதிப்பு லைசென்ஸ் இருக்கற படங்களுக்கு ரெண்டு தடவை சரிபாருங்க.

ஆன்லைன் பக்கம்னா அஞ்சு நிமிஷத்துல திருத்திட்டு, திருத்தின இணைப்பை அவருக்கு அனுப்பி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அச்சடிச்சு முடிஞ்ச புக்லெட்டுன்னா மிச்சம் இருக்கற பிரதிகள்ல ஒரு ஸ்லிப் ஒட்டுங்க, பிடிஎஃப்பை மாத்துங்க, அடுத்த பதிப்புக்கான ஃபைல்ல அன்னைக்கே சேத்துடுங்க, ஸ்லிப் அடிக்க பிரஸ்ல பெருசா செலவு ஆகாது, ஜெராக்ஸ் கடையிலயே எடுத்துக்கலாம்.